ரோமில் தனியாக ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் ஒரே ஒரு பகலை வைத்துக்கொண்டு ரோமுக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். முதல் நான்கு பதில்களை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். மற்றவற்றை ரயிலில் உட்கார்ந்து படித்தாலும் போதும்.

ஒரே நாள்ல ரோம் பார்க்க முடியுமா, இல்ல போறதே வேஸ்ட்டா?

வத்திக்கானை விட்டுவிட்டால் முடியும். கொலோசியத்திலிருந்து ஊரின் வடக்கு வாசலான போப்போலோ சதுக்கம் வரை நேராகப் போனால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான். பார்க்க வேண்டிய பழைய ஊரின் பெரும்பகுதி இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நெருக்கமாக இருக்கிறது. சுற்றி வளைத்து நடந்தாலும் பகல் முழுக்க 10, 12 கிலோமீட்டரைத் தாண்டாது.

வத்திக்கான் அருங்காட்சியகம் மட்டுமே நான்கு மணி நேரத்தை விழுங்கிவிடும். அதையும் கொலோசியத்தையும் ஒரே நாளில் அடைக்கப் பார்த்தால் இரண்டு பெரிய வரிசைகளும் நடுவில் ஒரு மெட்ரோ பயணமும்தான் நினைவில் நிற்கும். சிஸ்டைன் கூரை ஓவியத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் கொலோசியத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வத்திக்கானுக்கே அந்த நாளைக் கொடுத்துவிடலாம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் பழைய ஊரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு.

கொலோசியம் டிக்கெட் எப்போ, எப்படி எடுக்கணும்?

கொலோசியம் தொல்லியல் பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில், போகும் நாளுக்கு 30 நாள் முன்னதாக விற்பனை திறக்கும். சாதாரண டிக்கெட் 18 யூரோ. பக்கத்திலேயே உள்ள ஃபோரமும் (பழைய ரோமின் நடுச் சதுக்கம், இன்று இடிபாடுகள்) பாலடைன் குன்றும் அதிலேயே அடக்கம். கொலோசியத்துக்கு மட்டும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். மற்ற இரண்டுக்கும் அந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தடவை நுழையலாம். காலை 8:30 நேரத்தை எடுங்கள். அன்றைய நாளின் மற்ற எல்லாமே அதை ஒட்டித்தான் அமையும்.

நிலத்தடி அறைகளுக்கான டிக்கெட் தனி. அது திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். தனியாகப் போகிறவருக்கு இங்கே ஒரு நன்மை உண்டு: நாலு பேருக்குக் கிடைக்காத நேரத்தில் ஒற்றை இடம் மிஞ்சியிருக்கும், அதனால் ஒரு தடவை பார்த்து இல்லையென்று விட்டுவிடாமல் காலையும் மாலையும் திரும்பத் திரும்பப் பாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று கேள்விப்பட்டு அந்த நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். முன்பதிவு இல்லாததால் வரிசையிலேயே பாதிக் காலை போய்விடும்.

பாஸ்போர்ட்ல எனக்கு சர்நேம் இல்ல, இனிஷியல்தான். டிக்கெட்ல பேர் எப்படிப் போடறது?

டிக்கெட் பெயரோடுதான் வரும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்டில் இரண்டு சொல்லாக இருந்தால் அப்படியே பிரித்துப் போடுங்கள். ஒரே சொல்தான் என்றால் அதையே இரண்டு கட்டத்திலும் போடுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும்போது டிக்கெட்டில் வெறும் இனிஷியல் போடுவது, வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடுவது, இவைதான் வாசலில் சிக்கலாகும். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

எந்த வரிசையில பார்த்தா அலைச்சல் குறையும்?

ரோமில் அலைச்சலுக்குக் காரணம் தூரம் இல்லை, மதிய அடைப்பு. நம் ஊர்க் கோயில்களில் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்துவது போல, இங்கே பெரும்பாலான தேவாலயங்கள் 12:30 வாக்கில் மூடி 3 அல்லது 4 மணிக்குத்தான் திறக்கும். இது தெரியாமல் மதியம் முழுக்கப் பூட்டிய கதவுகளைச் சுற்றி வருகிறவர்கள் ஏராளம். அதனால் காலையில் நேரம் குறித்த டிக்கெட், மதியம் சாப்பாடும் நடுவில் மூடாத இடமும், மாலையில் தேவாலயங்கள், அதன்பின் நீரூற்றுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்காகச் சொன்னால்: 8:30 முதல் 10 வரை கொலோசியம். 12:30 வரை பாலடைனும் ஃபோரமும். அங்கிருந்து கேப்பிட்டலைன் குன்று. மாநகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கம் போனால் இதுவரை நடந்த ஃபோரம் முழுவதும் காலடியில் விரியும், காசு கிடையாது. 1:15க்குப் பழைய யூதர் குடியிருப்பில் சாப்பாடு. 2:30க்கு பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். அதன்பின் சான் லுய்ஜி தேவாலயம், நவோனா சதுக்கம், சாந்த் இக்னாசியோ. 5:30க்கு ஜேசு தேவாலயம். பிறகு த்ரேவி நீரூற்று, ஸ்பானியப் படிகள், சூரியன் மறைவதைப் பார்க்க பின்சியோ மேடு.

இது கோடைக்கான கணக்கு. ஜூனில் சூரியன் மறைய 8:45 ஆகும். டிசம்பரில் 4:40க்கே மறைந்துவிடும். குளிர்காலத்தில் பின்சியோவை எடுத்துவிடுங்கள். தேவாலயங்கள் இருட்டிய பிறகும் திறந்திருக்கும், அவை போதும்.

ஃபோரம்ல வெறும் இடிஞ்ச தூண்தானே, அதுக்கு ரெண்டு மணி நேரமா?

எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் போனால் அப்படித்தான் தோன்றும். கொலோசியத்திலிருந்து வந்ததும் முதலில் பாலடைன் குன்றில் ஏறிவிடுங்கள், வெயில் ஏறியபின் அந்த ஏற்றம் கஷ்டம். பேரரசர்கள் வீடு கட்டிக்கொண்ட குன்று இது. ‘பேலஸ்’ என்ற சொல்லே இதன் பெயரிலிருந்து வந்ததுதான். மேலே தோட்டத்தின் விளிம்பிலிருந்து ஃபோரத்தின் அமைப்பைக் கண்ணால் அளந்துகொண்டு கீழே இறங்குங்கள்.

கீழே நான்கு இடங்களில் நின்றால் போதும். டைட்டஸ் வளைவின் உட்பக்கம், கி.பி. 70இல் ஜெருசலேம் ஆலயத்தைச் சூறையாடிக் கொண்டுவந்த ஏழு கிளை விளக்கைத் தூக்கிப் போகும் சிற்பம். மேக்சென்டியஸ் மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகள். அந்த மண்டபம் எழுவதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவை பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள், சங்க நூல்கள் பாடும் முசிறித் துறையிலிருந்து கப்பலேறிய மிளகு வந்து சேர்ந்த ஊர் இதுதான். அடுத்து அன்டோனினஸ்–ஃபாஸ்டினா கோயில். அதன் தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயக் கதவு, படியே இல்லாமல் பல அடி உயரத்தில் தொங்குகிறது. தோண்டி எடுப்பதற்கு முன் தரை அந்த உயரத்தில்தான் இருந்தது. எத்தனை நூற்றாண்டு மண் இங்கே மூடிக் கிடந்தது என்பதை இந்த ஒரு கதவு சொல்லிவிடும். கடைசியாக, ஜூலியஸ் சீசரின் உடலை எரித்த இடம். சிறிய ஓட்டுக் கூரையின் கீழ் ஒரு மண்மேடுதான், இன்றும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

நிழல் மிகக் குறைவு. தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் ஜூலை, ஆகஸ்டில் இங்கே நுழையாதீர்கள். மேற்குக் கோடியில் செப்டிமியஸ் செவரஸ் வளைவு அருகே வெளிவாசல் திறந்திருந்தால் நேரே கேப்பிட்டலைனுக்கு ஏறிவிடலாம். மூடியிருந்தால் பெரிய சாலைப் பக்க வாசல் வழியாக வெளியே வந்து சுற்றிப் போக வேண்டும், கூடுதலாகப் பத்து நிமிடம்.

கொலோசியம் டிக்கெட் தீர்ந்துபோச்சு. வாசல்ல நிக்கிற ஆளுங்ககிட்ட வாங்கலாமா?

வேண்டாம். ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்று கூவி விற்பவர்கள் தருவது பெரும்பாலும் கூட்டச் சுற்றுலாவில் ஓர் இடம்; விலை இரண்டு மூன்று மடங்கு, ஆள் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டும். எப்படியும் பாதுகாப்புச் சோதனை வரிசையை யாரும் தாண்ட முடியாது.

கொலோசியம் இல்லாமல் ஃபோரம், பாலடைன் மட்டும் பார்க்கும் டிக்கெட் தனியாக உண்டு. அதை எடுத்துக்கொள்ளுங்கள். கொலோசியத்தை, மெட்ரோ நிலையத்துக்கு மேலே உள்ள மேட்டுத் தெருவிலிருந்து பாருங்கள். மிச்சமாகும் நேரத்தில் பக்கத்திலேயே படியேறினால் சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயம். மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை அங்கே இலவசம். மதிய அடைப்புக்கு முன் போய்விடுங்கள்.

பெட்டி, பேக் எல்லாம் எங்க வைக்கறது?

தனியாகப் போகிறவருக்கு இதுதான் பெரிய தொல்லை, கழிவறைக்குப் போகும்போது பையைப் பார்த்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை. தெர்மினி ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் சேவை உண்டு, தங்கும் விடுதிகளும் காலி செய்த பிறகு மாலை வரை பெட்டியை வைத்திருப்பார்கள். கொலோசியத்தில் பெரிய பையை அனுமதிப்பதில்லை, அங்கே பை வைக்கும் இடமும் கிடையாது. கண்ணாடிப் பாட்டிலும் கூடாது. குறுக்காக மாட்டும் சின்னப் பை, அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், பவர் பேங்க், ஒரு துப்பட்டா, இவ்வளவுதான் அன்றைய சுமையாக இருக்க வேண்டும்.

ஏர்போர்ட்லேர்ந்து ஊருக்குள்ள எப்படி வர்றது? உள்ள பஸ், மெட்ரோ?

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து லியனார்டோ எக்ஸ்பிரஸ் நிற்காமல் 32 நிமிடத்தில் தெர்மினி வந்துவிடும், 14 யூரோ. காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள பெட்டியில் செருகி முத்திரை பதியுங்கள். மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம்தான். தெர்மினியிலிருந்து மெட்ரோ பி தடத்தில் இரண்டாவது நிறுத்தம் கொலோசியம்.

ஊருக்குள் ஒரு டிக்கெட் 1.50 யூரோ. 100 நிமிடம் செல்லும், ஆனால் அதற்குள் மெட்ரோ ஒரு பயணம்தான். கான்டாக்ட்லெஸ் கார்டையே மெட்ரோ வாசலிலும் பஸ்சிலும் தட்டி ஏறலாம். மேலே சொன்ன வரிசையில் போனால் காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் ஏறினால் போதும். ஒரு நாள் பாஸ் தேவைப்படாது.

சர்ச்சுக்குள்ள போக டிரெஸ் கட்டுப்பாடு இருக்காமே?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். சுடிதார், சேலை, முழுக்கால் சட்டை எல்லாம் சரி. கையில்லாத சட்டை போட்டிருந்தால் பையில் இருக்கும் துப்பட்டாவைப் போர்த்திக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், தொப்பியை ஆண்கள் கழற்ற வேண்டும். பாந்தியனும் தேவாலயம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பாந்தியனுக்குக் காசு கேக்குறாங்களாமே, முன்னாடி ஃப்ரீயாச்சே?

2023 ஜூலையிலிருந்து 5 யூரோ. கொடுக்கலாம், யோசிக்கவே வேண்டாம். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த கட்டடம். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உச்சியின் உயரமும் ஒரே அளவு, 43.3 மீட்டர், உள்ளே ஒரு முழு உருண்டையை வைத்தால் அப்படியே பொருந்தும். கம்பி இல்லாத வெறும் கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை இதுதான் பெரியது. உச்சியில் திறந்த வட்டம் ஏறத்தாழ 9 மீட்டர் அகலம், மழை நேராக உள்ளே விழும். தரையில் சின்னத் துளைகளைத் தேடிப் பாருங்கள், தண்ணீர் வடிவதற்காக வைத்தவை. ஓவியர் ரஃபேலின் கல்லறை இடப்பக்கம்.

மாலையில போற சர்ச்ல என்ன இருக்கு? எல்லாம் ஒரே மாதிரிதானே?

இல்லவே இல்லை. அருங்காட்சியகத்துக்குப் பணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய படைப்புகள் இங்கே எந்தச் சுவருக்காக வரைந்தார்களோ அதே சுவரில், அதே வெளிச்சத்தில் இன்னும் இருக்கின்றன. சான் லுய்ஜியில் இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜியோ வரைந்த மூன்று புனித மத்தேயு ஓவியங்கள். இடப்புறச் சுவரில் உள்ள ‘அழைப்பு’ படத்தில் ஒளி விழும் திசையையும் அந்தச் சிற்றாலயத்தின் உண்மையான சன்னலையும் சேர்த்துப் பாருங்கள். இருட்டாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், சில நிமிடத்தில் அணைந்துவிடும். அதற்காகவே 50 சென்ட், 1 யூரோ நாணயங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாந்த் இக்னாசியோவில் தரையில் பதித்த வட்டக்கல்லின் மேல் நின்று அண்ணாந்து பாருங்கள். தெரியும் குவிமாடம் குவிமாடமே இல்லை, 1685இல் அந்திரேயா போத்சோ தட்டையான துணியில் வரைந்த ஓவியம். இரண்டடி நகர்ந்தால் சாய்ந்துபோகும். கண்ணாடியில் படம் எடுக்க ஒரு வரிசை நிற்கும், அது தேவையில்லை, கண்ணால் பார்ப்பதுதான் அழகு. ஜேசு தேவாலயத்தில் மாலை 5:30க்கு இசையோடு ஒரு பெரிய ஓவியம் கீழே இறங்க, பின்னால் இருந்து புனித இக்னேஷியஸின் சிலை வெளிப்படும். 5:15க்கே போய் இடப்பக்கம் உட்கார்ந்துவிடுங்கள். அதற்கு நேரெதிர்ப் பீடத்தில் இருப்பது 1540களில் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றிய புனித சவேரியாரின் வலக்கை. உடல் கோவாவில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். கை இங்கே இருப்பது தெரியாது.

நவோனா சதுக்கத்தின் நடு நீரூற்றில் சிற்பி பெர்னினி வடிவமைத்த நான்கு நதிகளில் ஒன்று கங்கை. கையில் நீண்ட துடுப்பு வைத்திருக்கும் உருவம் அதுதான்.

நான் வெஜிடேரியன். தனியா போய் உட்கார்ந்தா ஏதாவது கிடைக்குமா?

நிறையக் கிடைக்கும், ஆனால் சைவம் போலத் தெரிந்து ஏமாற்றும் பண்டங்களும் உண்டு. பூசணிப்பூ பஜ்ஜி பார்க்க நம்முடையது மாதிரியே இருக்கும். உள்ளே சீஸோடு நெத்திலி மாதிரியான உப்பு மீன் வைத்திருப்பார்கள். சுப்ளி என்ற சோற்று உருண்டையில் கறிச் சாறு கலப்பது வழக்கம். கர்போனாரா, அமத்ரிச்சானா, க்ரிச்சா என்ற மூன்று பாஸ்தாக்களிலும் பன்றிக் கன்னத்து இறைச்சி உண்டு. சீஸும் மிளகும் மட்டும் போட்ட காச்சோ எ பேபே பாஸ்தாவில் இறைச்சி இல்லை, ஆனால் அதில் போடும் பெக்கோரினோ சீஸைத் திரிக்க ஆட்டுக்குட்டி வயிற்று நொதியைச் சேர்ப்பார்கள். அதையும் தவிர்ப்பவர்கள் மரினாரா பீட்சா கேளுங்கள்; சீஸே கிடையாது, தக்காளியும் பூண்டும்தான். யூதர் குடியிருப்பில் முழுதாகப் பொரித்த ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டு, இலை இலையாக மொறுமொறுவென்று வரும். வசந்த காலம்தான் அதன் பருவம். அங்கே கோஷர் (யூத உணவு விதிப்படி சமைக்கும்) உணவகங்கள் வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை மூடியிருக்கும். ‘செந்த்சா கார்னே, செந்த்சா பெஷே’ என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்.

தனியாக மேசை கேட்கத் தயக்கம் என்றால் துண்டு பீட்சாக் கடைக்குப் போங்கள். எடை போட்டு விற்பார்கள். கத்தி வைக்கும் இடத்தைக் கையால் காட்டினால் அந்த அளவுக்கு வெட்டித் தருவார்கள். காப்பியை நின்றபடியே குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடியும், உட்கார்ந்தால் விலை கூடும். ‘லாத்தே’ என்று மட்டும் கேட்டால் வெறும் பால்தான் வரும். ‘கஃபெலாத்தே’ என்று சொல்லுங்கள்.

தண்ணி, பாத்ரூம்?

தெருவோரத்தில் மூக்கு மாதிரி வளைந்த குழாயோடு இரும்புத் தூண்கள் நிற்கும். பெயரே ‘நசோனி’, பெரிய மூக்கு. ஊர் முழுக்க சுமார் 2,500 இருக்கின்றன, எந்நேரமும் ஓடும், நல்ல குடிதண்ணீர். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகப் பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம். கழிவறைக்கு, கொலோசியம், ஃபோரம் இரண்டின் உள்ளேயும் வசதி உண்டு. அதன்பின் காப்பிக் கடைகள்தான். ஒரு காப்பி வாங்கிவிட்டுக் கேளுங்கள்.

பிக்பாக்கெட் ரொம்பன்னு சொல்றாங்க. தனியா இருக்கிற பொண்ணுக்கு சேஃபா?

வன்முறை பயம் குறைவு, கைவரிசை பயம் அதிகம். மெட்ரோ ஏ தடம், தெர்மினி நிலையம், வத்திக்கான் போகும் 64ஆம் எண் பஸ், த்ரேவி கூட்டம், இந்த நான்கு இடங்களில் பையை முன்பக்கம் மாட்டுங்கள். மெட்ரோவில் கதவு மூடும் நொடியில் தள்ளுமுள்ளு வந்தால் அது தற்செயல் இல்லை. கையில் கயிறு கட்ட வருகிறவர், ரோஜாவைத் திணிப்பவர், வீரன் வேடத்தில் படமெடுக்க அழைப்பவர் எல்லாரும் பின்னால் காசு கேட்பார்கள்; கையை நீட்டாமல் நடந்துவிடுங்கள். படம் எடுத்துத்தரக் கேட்பதானால் தானும் குடும்பத்தோடு நின்று படமெடுக்கிறவரிடம் கேளுங்கள்.

பழைய ஊரின் நடுப்பகுதியில் இரவு 11 வரைகூட ஆள் நடமாட்டம் இருக்கும். தெர்மினியைச் சுற்றிய தெருக்களில்தான் இருட்டியபின் தனியே அலைய வேண்டாம். பாஸ்போர்ட் போய்விட்டால் முதலில் போலீஸில் புகார் எழுதி நகல் வாங்குங்கள், அது இல்லாமல் தூதரகத்தில் வேலை நடக்காது. அவசர எண் 112.

த்ரேவிக்கும் டிக்கெட்டா? ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ்ல உட்கார்ந்தா ஃபைனாமே?

2026 பிப்ரவரி முதல், காலையிலிருந்து இரவு 10 மணி வரை த்ரேவித் தொட்டியின் ஓரம்வரை இறங்க 2 யூரோ. மேலே சதுக்கத்திலிருந்து பார்க்கக் காசு இல்லை, அங்கிருந்தே முழு நீரூற்றும் தெரியும். ஸ்பானியப் படிகளில் 2019 முதல் உட்காரத் தடை. அபராதம் 250 யூரோவிலிருந்து. ஏறி நடக்கலாம், நின்று படமெடுக்கலாம். கால் வலித்தால் பின்சியோ மேட்டில் போய் உட்காருங்கள், அங்கே பெஞ்சுகள் உண்டு.

செருப்பு போட்டு நடக்கலாமா? மழை வந்தா?

தெருக்கள் எல்லாம் சின்னச் சின்னக் கருங்கல் பாவியவை, இடுக்குகள் உள்ளவை. மெல்லிய அடியுள்ள செருப்பில் மதியத்துக்குள் பாதம் எரியும், மழையில் வழுக்கும். பழகிய, தடித்த அடியுள்ள ஷூவே சரி. மழை நாளில் ஃபோரத்தைச் சுருக்கி பாந்தியனில் கூடுதல் நேரம் நில்லுங்கள்.

ரோம்ல எனக்கு 8 மணி நேரம் ட்ரான்சிட். வெளிய வந்து பார்த்துட்டு போயிடலாமா?

முதலில், செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வேண்டும். இல்லையென்றால் பேச்சே இல்லை. விசா இருந்தால் இப்படிக் கணக்குப் போடுங்கள்: இறங்கிக் குடிநுழைவு தாண்ட ஒன்றரை மணி நேரம் (2025 அக்டோபர் முதல் விரல்ரேகை, முகப்படம் பதியும் முறை படிப்படியாக வந்ததால் வரிசை நீளலாம்), ரயிலுக்குக் காத்திருப்பதும் சேர்த்துப் போக வர இரண்டு மணி நேரம், விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே திரும்பியிருக்க வேண்டும். மிஞ்சுவது இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு டிக்கெட் எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். தெர்மினியிலிருந்து மெட்ரோவில் கொலோசியம், வெளியிலிருந்தே பார்த்துவிட்டு பெரிய சாலை வழியாக ஃபோரத்தின் ஓரமாக நடந்து கேப்பிட்டலைன் பின்பக்கம் வரை போங்கள், அதே வழியில் திரும்புங்கள். கைப்பெட்டி இருந்தால் விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள், தெர்மினியில் வைக்கவும் எடுக்கவும் ஆகும் நேரம் உங்களிடம் இல்லை. முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமாக இறங்கினால் ஊருக்குள் போகாமல் உள்ளேயே இருந்துவிடுங்கள்.